கை மறக்கும் முன்

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் கள்ளக்குறிச்சியைத் தாண்டிக் கிழக்கே வந்தால் தியாகதுருகம். குன்றின் மேல் பழைய கோட்டை, கீழே கடைத்தெரு, பக்கத்தில் ராத்திரி இரண்டு மணிக்கும் ஓயாத வண்டிச் சத்தம். சுற்றிலும் வயல், கிணறு, மோட்டார் கொட்டகை. மேற்கே தள்ளிக் கல்வராயன் மலை. இந்த வட்டாரத்தில் ஒருவருடைய இதயம் திடீரென நின்றுவிட்டால், அவரை முதலில் தொடுவது பெரும்பாலும் டாக்டர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ், இல்லாவிட்டால் 108 வண்டியிலிருந்து இறங்கும் மருத்துவ உதவியாளர்.

அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் கள்ளக்குறிச்சி பக்கத்துச் சிறுவங்கூருக்கு வந்துவிட்டது. பெரிய ஆறுதல்தான். ஆனால் நின்ற இதயம் அதுவரை காத்திருக்காது. துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றவருக்கு, நெஞ்சை யாரும் அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும். நான்கைந்து நிமிடத்தில் மூளை சேதமடையத் தொடங்கும். அந்த நர்ஸுக்கும் அந்த உதவியாளருக்கும் என்ன தெரியும் என்பது, இங்கே ஒரு குடும்பத்தின் தலைவிதி.

‘இழுத்துக்கிட்டு இருக்கு’

நம் ஊரில் சாகும் தறுவாயில் இருப்பவரைப் பற்றி ‘இழுத்துக்கிட்டு இருக்கு’ என்போம். வாயைத் திறந்து, எப்போதாவது ஒரு முறை, ஏங்குவது போல ஒரு மூச்சு. பார்ப்பவர்கள் “மூச்சு இருக்குது” என்று நம்பிக் காத்திருப்பார்கள். அது மூச்சே இல்லை. இதயம் நின்ற பிறகும் மூளையின் அடித்தண்டு சில நிமிடங்கள் அனுப்பும் கடைசி உந்துதல். ஆள் நினைவிழந்து, இப்படி ஏங்கினால், அது இதயம் நின்றதற்கான அடையாளம். அந்தக் கணத்திலேயே அழுத்தத் தொடங்க வேண்டும்.

இன்னொரு ஏமாற்று வலிப்பு. இதயம் நின்றவுடன் மூளைக்கு ரத்தம் தடைப்படுவதால் கைகால் சில நொடி வெட்டி இழுக்கும். உடனே யாராவது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். பயிற்சி பெற்றவர்களும் இதில் தடுமாறுவதுண்டு. நாடியைத் தேடி அரை நிமிடம் போய்விடும். கழுத்து நாடிக்கு 10 நொடிதான் கணக்கு. அதற்குள் உறுதியாகத் தட்டுப்படவில்லையா, இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து சென்டிமீட்டர்

நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடங்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. ஏறத்தாழ ஒரு தீப்பெட்டியின் நீளம். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுவதுமாக மேலே வர விட வேண்டும். அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். கையை ஊன்றியபடியே சாய்ந்துகொண்டு அழுத்தினால் பாதி உழைப்பு வீண்.

பாடப்புத்தகம் சொல்லாமல் விடும் சில சங்கதிகள் உண்டு. மெத்தையின் மேல் அழுத்தினால் மெத்தைதான் இறங்கும். முதுகுக்கடியில் பலகை வேண்டும். கட்டில் உயரமாக இருந்து நர்ஸ் குள்ளமாக இருந்தால் தோள் நேராக வராது. காலடியில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்வதில் கூச்சம் எதற்கு? இரண்டு நிமிடத்தில் எவருக்கும் கை சோர்ந்துவிடும், ஆனால் சோர்ந்தது அவருக்கே தெரியாது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது விதி. இரவுப் பணியில் ஒரே நர்ஸ் இருக்கும் இடத்தில் மாற்று ஆள் யார்? காவலாளி, துப்புரவுப் பணியாளர், கூட வந்த அண்ணன். அவர்களுக்கும் இந்த ஒரு வேலையைச் சொல்லிக்கொடுத்து வைப்பது நர்ஸின் பயிற்சியில் சேர வேண்டிய பகுதி என்பது என் உறுதியான எண்ணம்.

சினிமா ஒரு பெரிய தவறைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. திரையில் நேர்கோடு ஓடும், டாக்டர் ஷாக் கொடுப்பார், கதாநாயகன் எழுந்துகொள்வான். நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்குத்தான் ஷாக், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நேர்கோட்டில் அழுத்தமும் அட்ரினலினும்தான் வழி.

மூச்சு முதலில் நிற்கும் இடங்கள்

இந்தியன் ரீசஸிடேஷன் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பொதுமக்களுக்கு நெஞ்சழுத்தத்தை மட்டும் கற்றுத்தருகிறது. வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்கி, ஒன்றுமே செய்யாமல் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். நர்ஸுக்கும் 108 உதவியாளருக்கும் அது போதாது. நம் பக்கத்தில் அது போதவே போதாது.

ஏனென்றால் இங்கே பலருக்கு நிற்பது முதலில் இதயம் அல்ல, மூச்சு. கிணற்றில் விழுந்த பிள்ளை. பூச்சிமருந்து குடித்தவர். தரையில் படுத்துத் தூங்கும்போது கட்டுவிரியன் தீண்டியவர். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, தடம்கூடத் தெரியாமல் போகும். விடிகாலையில் வயிற்றுவலி என்பார். பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இதயம் நன்றாகத்தான் இருக்கும். கையால் அமுக்கிக் காற்று ஊட்டும் அம்பு பேக்கை முகத்தில் பொருத்தி விடாமல் காற்றுக் கொடுத்துக்கொண்டே வெண்டிலேட்டர் வரை கொண்டு சேர்த்தால், அவர் முழுதாக எழுந்து நடந்து வீட்டுக்குப் போக முடியும். இத்தனை திருப்பிக் கொடுக்கும் வேலை மருத்துவத்தில் குறைவு.

அம்பு பேக் எளிய கருவி போலத் தோன்றும். ஒரே ஆள் ஒரு கையால் முகமூடியை இறுக்கிப் பிடித்து மறு கையால் அமுக்கினால், காற்று பெரும்பாலும் கன்னத்தோரம் ஓடிவிடும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரு கையாலும் தாடையைத் தூக்கி முகமூடியைப் பிடிக்க, மற்றவர் அமுக்க வேண்டும். நெஞ்சு எழுகிறதா என்பதே சோதனை. பதற்றத்தில் சரசரவென்று அமுக்குவது அதைவிடப் பொதுவான பிழை. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். மூச்சுக்குழலுக்குள் குழாய் போடாதவரை பெரியவர்களுக்கு 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. போட்ட பிறகு ஆறு நொடிக்கு ஒன்று. பூச்சிமருந்து குடித்தவருக்கு வாயோடு வாய் வேண்டாம், கையுறை கட்டாயம்.

ஓடும் வண்டியில்

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டி வந்து நின்றதும் சொந்தக்காரர்கள் சொல்வது ஒன்றே: “தூக்கிப் போடுங்க சார், முதல்ல கிளம்புங்க.” பாசத்தில் வரும் வார்த்தை. ஆனால் கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கும் வளைவுகளில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நெஞ்சை அழுத்துவது அழுத்தமே ஆகாது. பெரியவர்களுக்கு இதயம் நின்ற இடத்திலேயே, கெட்டியான தரையில், நல்ல சி.பி.ஆர். (நெஞ்சழுத்தமும் செயற்கை மூச்சும்) செய்வதுதான் முதல் சிகிச்சை. ‘இன்னும் கிளம்பலையே’ என்று உதவியாளரின் சட்டையைப் பிடிக்காமல், கூட்டத்தை விலக்கி வெளிச்சம் பிடித்தால் அதுவே பேருதவி.

பிறந்ததும் ஒரு நிமிடம்

மலையடிவார சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்ப்பது நர்ஸ்தான். பிறந்த குழந்தை அழவில்லை என்றால் துடைத்து, சூடு காத்து, முதுகைத் தேய்த்துத் தூண்டி, அப்போதும் மூச்சு வராவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் சின்ன பேக்கால் காற்றுக் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் அறைவது ஆபத்து. நர்ஸுகளுக்கு இதைக் கற்றுத்தர மத்திய அரசு 2009-லேயே ‘நவ்ஜாத் சிசு சுரக்ஷா’ திட்டத்தைக் கொண்டுவந்தது.

சான்றிதழும் கையும்

நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கும் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவனும் இரண்டு தோழர்களும் 1960-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டால் இதற்கென்றே ஓர் ஆளுயரப் பொம்மையைச் செய்தார். படித்து வருவதல்ல, கை பழகித்தான் வரும் என்பது அன்றே தெரிந்திருந்தது.

பழகிய கை மறக்கவும் செய்யும். பயிற்சிச் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அழுத்தத்தின் ஆழமும் தாளமும் சில மாதங்களிலேயே தேயத் தொடங்குகின்றன என்பது உலகம் முழுக்கப் பார்க்கப்பட்ட உண்மை. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அடிக்கடி இதயம் நின்றவர்கள் வருவதால் கை பழகிக்கொண்டே இருக்கும். சின்ன ஊர் நர்ஸுக்கு அந்த வாய்ப்பு எப்போதாவதுதான். ஆகவே அடிக்கடி பயிற்சி தேவைப்படுவது அவருக்குத்தான், நடப்பதோ தலைகீழ். இந்த அநியாயத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பெரிய செலவில்லை. மாதம் ஒருமுறை, டியூட்டி மாறும் நேரத்தில், ஒரு டம்மி. அதுவும் இல்லையென்றால் கெட்டியான தலையணை. கடிகாரம் வைத்து இரண்டு நிமிடம் அழுத்தட்டும், பக்கத்தில் ஒருவர் எண்ணட்டும். எமர்ஜென்சி டிராலியைத் திறந்து தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரிகிறதா, ஆக்ஸிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கட்டும். அம்பு பேக்கின் வாயை உள்ளங்கையால் அடைத்து ஒருமுறை அமுக்கினால், எங்காவது காற்றுக் கசிகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.