காரம் தொலையாமல் பந்தி: டாக்டிக்கல் ஷூட்டர் எப்படி இயங்குகிறது?

காரக்குழம்பை வீட்டில் நாலு பேருக்கு வைப்பது ஒரு வேலை. மண்டபத்தில் நானூறு இலைக்கு வைப்பது வேறு வேலை. வீட்டில் அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வர வேண்டும், அதற்கேற்ப மிளகாய் விழும். பந்தியில் சின்னப் பிள்ளையும் உட்காரும், அல்சர்காரரும் உட்காருவார். மாஸ்டர் காரத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பழக்கமில்லாத கை அண்டாவில் ஒரு வாளி வெந்நீரை ஊற்றிவிடும். காரம் குறையும்தான், கூடவே புளி, உப்பு, மணம் எல்லாம் போய், குழம்பு என்ற பெயரில் ஏதோ ஒன்று ஓடும். விவரம் தெரிந்தவர் மிளகாய்த்தூளை மட்டும் குறைப்பார். சின்ன வெங்காயத்தைக் கூட்டுவார், தேங்காய் அரைத்து விடுவார், இறக்கும்போது துளி வெல்லம் போடுவார். புளிப்பும் எண்ணெய் பிரிந்த பக்குவமும் அப்படியே நிற்கும். சாப்பிட்டு எழுந்தவர் காரக்குழம்பு சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார்.

டாக்டிக்கல் ஷூட்டர் வகை வீடியோ கேம் செய்பவர்களின் பிரச்சினை இதேதான். ஓடிக்கொண்டே சுடும் விளையாட்டல்ல இது. கதவுக்கு வெளியே நின்று யோசித்து, கூட்டாளியிடம் பேசி, பிறகு உள்ளே நுழையும் விளையாட்டு. நிஜத்துக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு ருசி என்று ஒரு கூட்டம் சொல்லும். நிஜத்துக்கு நெருங்க நெருங்க ஆட ஆள் இருக்காது என்று விற்பனைப் பிரிவு சொல்லும். இருவரும் பாதி சரி. ஆனால் இந்தக் குழம்பில் காரம் எது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

துப்பாக்கி அச்சு அசலாக இருப்பதுதான் காரம் என்று நினைப்பவர்கள் அதிகம். எத்தனை குண்டு, எவ்வளவு எடை, சுட்டால் எப்படி உதைக்கும் என்றெல்லாம் அடுக்குவார்கள். என் கணக்கில் அதெல்லாம் உப்பு. காரம் என்பது சாவு. செத்தால் ஆடுபவருக்கு எவ்வளவு நஷ்டம் என்பது.

நிஜத்தில் ஒரு கமாண்டோ வீரர் கதவை மெதுவாகத் திறக்கிறார், மூலையை எட்டிப் பார்க்கிறார், சந்தேகம் வந்தால் பின்வாங்குகிறார். விதிப் புத்தகம் மட்டும் அவரை அப்படி நடக்க வைக்கவில்லை, உயிர் பயமும் வைக்கிறது. நாற்காலியில் சாய்ந்து மவுஸ் பிடித்திருப்பவருக்கு அந்தப் பயம் கிடையாது. துப்பாக்கியை எவ்வளவு தத்ரூபமாக வரைந்து கொடுத்தாலும், செத்தால் மூன்று விநாடியில் மறுபடி எழலாம் என்றால் அவர் ஓடித்தான் சுடுவார். அதனால் கேம் அந்தப் பயத்தைத் தானே சமைத்துப் போட வேண்டியிருக்கிறது.

ரெயின்போ சிக்ஸ் என்ற தொடரை எடுத்துக்கொண்டால் மொத்தக் கதையும் அதில் இருக்கிறது. 1998-இல் டாம் கிளான்சியின் பெயரோடு ரெட் ஸ்டார்ம் நிறுவனம் வெளியிட்ட முதல் கேமில், சுடுவதற்கு முன் ஒரு வரைபடம் திறக்கும். கட்டடத்தின் ஒவ்வொரு மாடியும் அதில் இருக்கும். எந்தக் குழு எந்த வாசல் வழியாக, எங்கே நின்று, எந்தச் சங்கேதம் கிடைத்ததும் நுழைய வேண்டும் என்று புள்ளி புள்ளியாகக் கோடு போட வேண்டும். அரை மணி நேரம் திட்டம் போட்டுவிட்டு, முதல் கதவிலேயே ஒரே குண்டில் செத்துப்போகலாம். செத்த வீரர் அடுத்த பணிக்கும் வர மாட்டார். மீதிப் பணிகள் முடியும்வரை அவர் கிடையாது. இவ்வளவு காரம் இருந்த கேமில் கையிலிருக்கும் துப்பாக்கி திரையில் தெரியவே தெரியாது. நடுவில் குறி மட்டும்தான். நிஜத்தன்மை என்றால் துப்பாக்கிப் படம் என்று வாதாடுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

2003-இல் வந்த ரேவன் ஷீல்டு வரை இந்தப் பக்குவம் நீடித்தது. 2005-இல் லாக்டவுன். திட்டமிடும் பகுதியையே எடுத்துவிட்டார்கள், ஓட்டம் கூடியது, பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். அண்டாவில் வெந்நீர் என்றால் அதுதான். அடுத்த வருடம் வந்த வேகாஸ் இன்னும் தூரம் போனது: சற்று நேரம் ஒளிந்திருந்தால் காயம் தானே ஆறிவிடும். ஆனால் வேகாஸ் நன்றாகவே இருந்தது, பலருக்கும் பிடித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அது சாம்பார், நல்ல சாம்பார். காரக்குழம்பு கேட்டவருக்குத்தான் ஏமாற்றம்.

2015 டிசம்பரில் யூபிசாஃப்ட் வெளியிட்ட ரெயின்போ சிக்ஸ் சீஜில்தான் விவரம் தெரிந்த மாஸ்டரின் கை தெரிகிறது. ஐந்து பேர் தாக்க, ஐந்து பேர் காக்க வேண்டும். தலையில் ஒரு குண்டு பட்டால் கதை முடிந்தது. செத்தவர் அந்தச் சுற்று முடியும்வரை எழ முடியாது. காயம் தானாக ஆறாது. மிளகாய் உள்ளே இருக்கிறது, அளவுதான் வேறு. 1998-இல் செத்தால் நஷ்டம் ஒரு வீரர், பல பணிகளுக்கு. இங்கே நஷ்டம் அதிகம் போனால் மூன்று நிமிடம்.

அந்த மூன்று நிமிடத்தையும் வெறுமனே விடவில்லை. முதலில், எப்படிச் செத்தோம் என்று கொன்றவரின் கண் வழியாகத் திரையில் ஓடும். நிஜத்தில் செத்தவருக்கு இப்படி ஒரு வசதி கிடையாது, சுத்தப் பொய். ஆனால் எந்த ஓட்டை வழியாகக் குண்டு வந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அந்த ஓட்டையைப் பார்க்கத் தோன்றும். பிறகு, செத்தவர் தன் அணியின் கேமராக்களிலும் ட்ரோன்களிலும் உட்கார்ந்து, 'மாடிப்படிக்குக் கீழே ஒருத்தன் இருக்கான்' என்று உயிரோடு இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். தண்டனை தண்டனையாகவே இருக்கிறது, சலிப்பு மட்டும் போய்விட்டது. வெல்லத்தின் வேலை இதுதான்.

பழைய வரைபடமும் தொலையவில்லை. சுற்று தொடங்குமுன் 45 விநாடி தயாரிப்பு நேரம் உண்டு. தாக்குபவர்கள் சக்கரம் வைத்த சின்ன ட்ரோனைக் கதவிடுக்கில் ஓட்டி உள்ளே யார், எங்கே என்று தேடுவார்கள். காப்பவர்கள் சுவருக்கு இரும்புத் தகடு அடிப்பார்கள், ஜன்னலைப் பலகையால் மூடுவார்கள். முன்பு அரை மணி நேரம் தனியாகக் கோடு போட்டுச் செய்த வேலையை, கை நடுக்கத்தோடு முக்கால் நிமிடத்தில் முடிக்க வேண்டும். திட்டமிடுதலை எடுத்து எறியாமல் சுண்டக் காய்ச்சியிருக்கிறார்கள்.

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சீஜில் காலடிச் சத்தம் சுவரை நேராகத் துளைத்து வராது. திறந்த கதவு, உடைந்த சுவர், மாடிப்படி என்று வழி தேடித்தான் காதுக்கு வரும். யாரோ ஒரு சுவரில் ஓட்டை போட்டால் சத்தம் வரும் திசையும் மாறும். சில நாள் ஆடினால் காது தானே பழகும், அதன் பிறகு ஹெட்ஃபோன் இல்லாமல் ஆட மனசு வராது. துப்பாக்கி மாதிரிகளைப் பற்றிய நூறு வாக்குவாதத்தைவிட இந்த ஒரு விஷயம் நிஜத்துக்கு நெருக்கம் என்பேன்.

நிஜத்தை அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதே கேமில் சாட்சி உண்டு. மூலையில் நின்று தலையை மட்டும் சாய்த்து எட்டிப் பார்க்கலாம். கமாண்டோக்கள் செய்வதுதான். ஆடுபவர்கள் என்ன செய்தார்கள்? இடது, வலது, இடது, வலது என்று பொத்தானைத் தட்டித் தட்டித் தலையைத் தஞ்சாவூர் பொம்மையாக ஆட்டினார்கள். எதிராளியால் குறி வைக்கவே முடியவில்லை. பயம் இல்லாத இடத்தில் நிஜமான அசைவுகூடக் கோமாளித்தனமாகிவிடும். கடைசியில் யூபிசாஃப்ட் அந்தச் சாய்வின் வேகத்தைக் குறைக்க வேண்டிவந்தது.

இப்போது உப்புக்கு வருவோம். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் என்ற இன்னொரு கேமில் ஏகே-47 துப்பாக்கிக்கு 30 குண்டு. விசையை அழுத்திப் பிடித்தால் குண்டுகள் முதலில் மேலே ஏறி, பிறகு பக்கவாட்டில் அலையும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே கோலத்தில். எந்த நிஜத் துப்பாக்கியும் இப்படி மனப்பாடம் செய்ய வசதியாக உதைக்காது. ஆனால் கோலம் ஒன்றே என்பதால்தான் மவுஸை எதிர்த்திசையில் இழுக்கக் கற்றுக்கொள்ள முடிகிறது. ஆடுபவரின் கைக்கு உப்பு சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி, ஆயுதக் கிடங்குக்கு அல்ல. அப்படியானால் இந்த கேமில் காரம் எங்கே? காசில். ஆரம்பத்தில் கையில் 800 டாலர், ஏகே-47 விலை 2700. செத்தால் துப்பாக்கியும் போச்சு, அடுத்த சுற்றில் கைத்துப்பாக்கியோடு நிற்க நேரலாம். நிஜச் சண்டையில் இல்லவே இல்லாத ஒரு கடை, நிஜமான எச்சரிக்கையை உண்டாக்கிவிடுகிறது.

மிளகாயைக் கூட்டியே பேர் வாங்கியவர்களும் உண்டு. இன்சர்ஜென்சி சாண்ட்ஸ்டார்ம் என்ற கேமில் மேகசினில் எத்தனை குண்டு மிச்சம் என்று திரையில் எண் வராது. கால் ஆஃப் டூட்டியில் பாதி மேகசினைக் கழற்றினாலும் மிச்சக் குண்டு மொத்தக் கணக்கில் தானாகச் சேர்ந்துவிடும். சாண்ட்ஸ்டார்மில் பாதி மேகசின் பாதி மேகசின்தான், பிறகு அதுவே கைக்கு வந்து மாட்டிவிடும். ஸ்குவாட் என்ற கேம் 2023-இல் ஒரு பெரிய மாற்றம் செய்தது. ஓடி வந்து நின்றால் துப்பாக்கி தள்ளாடும், தலைக்கு மேல் குண்டு பறந்தால் பார்வை மங்கும். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். நான் அந்த மாற்றத்தின் பக்கம். துப்பாக்கியை ஒழுங்காக ஆட்ட வைப்பதற்காக மட்டும் செய்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் குண்டு விழுந்தால் தலையைக் குனிய ஒரு காரணம் கொடுத்தார்கள். பயத்தை இப்படியும் சமைக்கலாம்.

நம்மூர்ப் பிள்ளைகள் கையிலிருக்கும் ஃபோனுக்கும் இந்த அடுப்புக்கும் உறவு உண்டு. செக் நாட்டின் பொஹீமியா இன்டராக்டிவ் 2001-இல் ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட் செய்தது. மைல் கணக்கில் நடந்து, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு குண்டில் சாகிற கேம். ஒரு பணிக்கு ஒரே ஒரு முறைதான் சேமிக்கலாம். அதன் வழி வந்தது ஆர்மா. ஆர்மா 2-இன் மேல் 2012-இல் டீன் ஹால் என்பவர் டேஇசட் என்ற மாற்று வடிவத்தைக் கட்டினார். அதன் மேல் பிரெண்டன் கிரீன், கடைசி ஆள் வரை மோதும் பேட்டில் ராயலைக் கட்டினார். அவர்தான் 2017-இல் பப்ஜியோடு வந்தார். அடுத்த வருடம் அது ஃபோனுக்கு வந்தது. இந்தியாவில் 2020-இல் தடை, 2021-இல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் மறுவருகை. ராணுவப் பாவனையிலிருந்து புறப்பட்ட சரக்கு அரை மணி நேர ஆட்டமாகச் சுருங்கியபோது களைப்பும் கனமும் நெடுநடையும் போயின. ஆனால் தூரம் கூடினால் குண்டு தாழ்ந்து விழுவது மிஞ்சியது, ஒரே உயிர் என்பதும் மிஞ்சியது. மொபைலில் குறியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க உதவியும், தொடக்கத்தில் சுலபமாகச் சாக, கணினியே ஓட்டும் பாட்களும் சேர்ந்தன. கோடிப் பேர் உட்கார்ந்த பந்திக்கு அதுவும் வேண்டித்தான் இருந்தது.

சீஜிலும் வருடம் போகப் போக பளபளக்கும் உடைகளும், ஆளின் பிம்பத்தை அனுப்பி ஏமாற்றும் கருவிகளும் குவிந்தன. 1998-இன் ரசிகர்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். உடை விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இருட்டு அறையில் வண்ண விளக்கு மாதிரி ஒருவர் நிற்பது பார்க்கச் சகிக்கவில்லை. கருவி விஷயத்தில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தலையில் ஒரு குண்டு, அந்தச் சுற்றுக்கு ஒரே உயிர் என்ற விதியில் கை வைக்காதவரை மேலே எத்தனை தாளிப்பு போட்டாலும் குழம்பு குழம்புதான்.

முயன்று பார்க்க ஆசைப்படுபவர்கள் ஆர்மாவில் தொடங்காதீர்கள். முதல் நாளே வெறுத்துவிடும். சீஜுக்குள் 2025 ஜூன் முதல் காசில்லாமலே நுழையலாம். ரேங்க் ஆட்டங்களுக்குத்தான் பணம் கட்ட வேண்டும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். முதல் சில சுற்றுகளில் யாரையும் சுட நினைக்க வேண்டாம். ட்ரோனை மட்டும் ஒழுங்காக ஓட்டி, பார்த்ததைக் கூட்டாளியிடம் சொல்லுங்கள்.