அறைக்கதவும் அறிவியலும்

அயலூரில் இரவுப்பொழுதைக் கழிக்க நேரும் பயணிக்குத் தாழிட்டு உறங்க ஓர் அறை வேண்டும். இன்று எளிதாகத் தோன்றும் இவ்வசதி ஒருகாலத்தில் அரிதாக இருந்தது. மேலைநாட்டுச் சத்திரங்களில் தங்கியோர், முன்பின் அறியாதவர்களோடு அறையையும் சில வேளைகளில் படுக்கையையும்கூடப் பகிர்ந்துகொண்டனர். 1829இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் திறக்கப்பட்ட டிரிமாண்ட் ஹவுஸ் என்னும் விடுதி, விருந்தினர் அறைகளுக்குத் தனித்தனிப் பூட்டும் திறவுகோலும் வழங்கிப் புகழ்பெற்றது. அறையில் இலவசமாகச் சோப்பு வைத்ததும் அன்றைய நாளில் வியப்பாகவே பேசப்பட்டது.

உலோகத் திறவுகோலில் ஒரு குறை இருந்தது. விருந்தினர் அதனைத் தொலைத்துவிட்டாலோ, திருப்பித் தராமல் சென்றுவிட்டாலோ, அது யார் கையில் இருக்கிறது என்பது தெரியாது. பூட்டையே மாற்றினாலன்றி அவ்வறையில் அடுத்துத் தங்குபவருக்குப் பாதுகாப்பில்லை. இச்சிக்கலுக்கு 1970களில் நார்வே நாட்டைச் சேர்ந்த தோர் சோர்னெஸ் தீர்வு கண்டார். அவர் உருவாக்கிய நெகிழி அட்டையில் 32 இடங்கள் இருந்தன. ஒவ்வோர் இடத்திலும் துளை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இவ்வாறு ஏறத்தாழ 429 கோடி வெவ்வேறு அமைப்புகள் கிடைத்தன. அன்றைய உலக மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவே! பூட்டைக் கழற்றாமலேயே அதன் அமைப்பை மாற்ற முடிந்ததால், பழைய அட்டை பயனற்ற நெகிழித் துண்டாயிற்று. துளைகளுக்குப் பின்னர்க் காந்தப்பட்டை வந்தது. அதன்பின் பூட்டின் அருகே காட்டினாலே போதும் என்னும் நிலையில் ரேடியோ அலை அட்டை வந்தது.

இப்போது திறன்பேசியே திறவுகோலாகிவிட்டது. ஹில்டன் நிறுவனம் 2015இல் தன் விடுதிகளில் இவ்வசதியை அறிமுகப்படுத்தியது. விருந்தினர் செயலி வழியாகத் தம் வருகையைப் பதிவுசெய்தவுடன், மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு குறியீடு அவரது திறன்பேசிக்கு வந்துசேர்கிறது. கதவருகே சென்றதும் புளூடூத் வழியாகப் பூட்டு அக்குறியீட்டைப் பெற்று, அது அவ்வறைக்கு உரியதா, அதன் காலக்கெடு முடிந்துவிட்டதா எனச் சரிபார்த்துத் திறக்கிறது. நள்ளிரவில் வானூர்தியிலிருந்து இறங்கிக் களைத்து வருபவர் வரவேற்பு மேசையில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. திறன்பேசியின் மின்கலம் தீர்ந்துபோனால் அவர் அம்மேசைக்குத்தான் வந்தாக வேண்டும் என்பது வேறு!

கதவைக் கடந்து அறைக்குள் நுழைந்த தொழில்நுட்பம் எப்போதும் வெற்றிபெறவில்லை. ஜப்பானின் நாகசாகி மாநிலத்தில் 2015இல் 'ஹென்னா ஹோட்டல்' திறக்கப்பட்டது. 'விந்தையான விடுதி' என்னும் பொருள்படும் பெயர் அது. வரவேற்பு மேசையில் டைனோசர் உருவ ரோபோ தலைவணங்கியது. பெட்டிகளைச் சுமக்கவும் ரோபோக்கள் இருந்தன. அறைக்குள் படுக்கையருகே பேசும் பொம்மை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. விருந்தினரின் குறட்டை ஒலியைக் கேட்ட அப்பொம்மை, தன்னிடம் ஏதோ கேட்கிறார் எனக் கருதி, 'மீண்டும் சொல்லுங்கள்' என்று அவரை எழுப்பியது. இஃது ஓரிரவில் பலமுறை நிகழ்ந்ததும் உண்டு. டைனோசரால் கடவுச்சீட்டைப் படியெடுக்க இயலாததால் அப்பணியை மனிதரே செய்ய வேண்டியிருந்தது. 243 ரோபோக்களுள் பாதிக்கும் மேற்பட்டவற்றை விடுதி அகற்றிவிட்டதாக 2019இல் செய்தி வெளியானது. பணிச்சுமையைக் குறைக்க வந்தவை, பழுதுபார்க்கும் சுமையைப் பணியாளர்மீது ஏற்றியிருந்தன.

கலிபோர்னியாவின் கூபர்டினோ நகரிலுள்ள அலாஃப்ட் விடுதி 2014இல் பணியில் அமர்த்திய ரோபோவுக்குப் பேசத் தெரியாது. ஒரே ஒரு பணிதான் தெரியும். பல்துலக்கியோ துண்டோ கேட்ட விருந்தினரின் அறைக்கு அது தானே மின்தூக்கியில் ஏறிச் செல்லும். வாசலை அடைந்ததும் அவருக்குத் தொலைபேசி அழைப்பு விடுக்கும். அது பணியாளரின் நடையை மட்டும் குறைத்தது. விருந்தினரை வரவேற்று உரையாடும் வேலையை மனிதரிடமே விட்டுவைத்தது. விடுதித் தொழிலுக்கு இத்தகைய அடக்கமான கருவியே பொருந்துகிறது.

இத்தனை வசதிகளுக்கும் விருந்தினர் தம்மைப் பற்றிய செய்திகளை விடுதியிடம் ஒப்படைக்கிறார். பெயர், முகவரி, பயண நாள், பணம் செலுத்தும் அட்டை எண் என அனைத்தும் கணினியில் சேர்கின்றன. ஸ்டார்வுட் விடுதிகளின் முன்பதிவுத் தரவுத்தளத்திற்குள் 2014 முதலே அயலார் ஊடுருவியிருந்ததை, அக்குழுமத்தை வாங்கிய மேரியட் நிறுவனம் 2018இல் அறிவித்தது. களவுபோனவற்றுள் மறையாக்கம் செய்யப்படாத கடவுச்சீட்டு எண்கள் மட்டும் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டவை. விருந்தினர் வெளியேறியதும் அறைக்கதவின் குறியீட்டை நொடிப்பொழுதில் மாற்றிவிட முடிகிறது. களவுபோன கடவுச்சீட்டு எண்ணோ, புதிய கடவுச்சீட்டு பெறும்வரை மாறுவதில்லை.