எஞ்சினுக்குக் குளிரா, வயருக்குக் களிம்பா?

1990களில் பொருளாதாரத் தடை இறுகியிருந்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒஸ்ரின் கேம்பிறிஜ்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, ஆவியாகாதது பற்றாது. அதனால் கிடைத்தற்கரிய பெற்றோலில் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சூடு போதுமா என்று சத்தத்தைக் கேட்டும் புகையைப் பார்த்தும் கணித்தவர் ஓட்டுநரே.

இன்று நீர்வேலியூடாகப் பருத்தித்துறை வீதியில் போகும் சின்னக் காரில் அந்தக் கணிப்பைச் செய்வது கட்டைவிரல் அளவான ஒரு சென்சர். பெற்றோலுக்கும் சூடு தேவைதான். எஞ்சின் குளிர்ந்திருந்தால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், சூடேறினால் குறைக்க வேண்டும். எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் வெப்பநிலையை இந்தச் சென்சர் காரின் கணினிக்குச் சொல்கிறது. உள்ளே இருப்பது, சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு துண்டு. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 பாகை செல்சியசில் ஏறக்குறைய 2500 ஓம். 40 பாகையில் 1200. 80 பாகையில் 300 சொச்சம். கணினி தன்னுள் இருக்கும் மாறாத தடை ஒன்றினூடாக 5 வோல்ற்றை அனுப்பி, சென்சரில் எவ்வளவு வோல்ற் நிற்கிறது என்று அளக்கிறது. அந்த எண்ணே அதற்கு வெப்பநிலை.

வயர் எங்காவது அறுந்தால் முழு 5 வோல்ற்றும் அப்படியே நிற்கும். கணினியின் கணக்கில் அது சைபருக்குக் கீழே 40 பாகை. வைகாசி வெயிலில் வாழைத்தோட்டத்து ஓரம் நிற்கும் காருக்கு அப்படியொரு குளிர் வராது. கணினி மஞ்சள் விளக்கை எரித்து, பி 0118 என்ற குறியைப் பதிந்துவைக்கிறது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து கட்டாயமான முறையில் வந்த குறி இது. ஸ்ரியறிங்குக்குக் கீழே உள்ள 16 ஊசிச் சொக்கற்றில் ஸ்கானரைச் செருகினால் எவரும் வாசிக்கலாம்.

பணம் வீணாவது இங்கேதான். சென்சர் செத்துவிட்டது என்று அந்தக் குறி சொல்லவில்லை. சுற்றில் வோல்ற் அளவுக்கு மேல் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. பிழை சென்சரில் இருக்கலாம், இரண்டு வயர்களில் ஒன்றில் இருக்கலாம், பிளக்கில் இருக்கலாம், அபூர்வமாகக் கணினியிலும் இருக்கலாம். ஸ்கானர் காட்டியதை மட்டும் நம்பி, 400 கிலோமீற்றர் தள்ளியுள்ள கொழும்பிலிருந்து புதுச் சென்சர் எடுப்பித்துப் பூட்டினால், பிழை வயரில் இருக்கும்போது மஞ்சள் விளக்கு திரும்பவும் எரியும்.

அதைவிடப் பொல்லாதது, விளக்கே எரியாத பிழை. கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த குடாநாட்டில் உப்புக் காற்று பிளக்கின் ஊசிகளில் பச்சைக் களிம்பை ஏற்றும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்கள் மறுபடி வர 2025 ஆகிவிட்டது. அதற்குள் இருந்த கார்களெல்லாம் முதுமையடைந்தன, ரப்பர் சீல்கள் இறுகி வெடித்தன. களிம்பு 900 ஓம் தடையைச் சேர்க்கிறது என்று வையுங்கள். 80 பாகையில் நிற்கும் எஞ்சினின் 300 ஓம் 1200 ஆகிவிடும். கணினி அதை 40 பாகை என்று வாசிக்கும். நடக்கக்கூடிய வெப்பநிலைதானே என்று, பல கார்களில் குறி எதையும் பதியாமல் பெற்றோலை அள்ளிக் கொடுக்கும். கறுப்புப் புகை வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கும், ராங்க் சீக்கிரம் காலியாகும். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை தொடங்கியபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். அந்த நாளில் இப்படியொரு களிம்பு எவ்வளவு பெரிய நட்டம்!

கண்டுபிடிக்க விலைகூடிய கருவி தேவையில்லை. அந்த ஸ்கானரோடு சாதாரண மல்ரிமீற்றர் போதும். எஞ்சினை நிறுத்தி, திறப்பை மட்டும் ஓன் நிலைக்குத் திருப்பிச் சென்சரின் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் ஒரு ஊசிக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே 5 வோல்ற் வந்தால் அந்த வயர் நல்லது. அதே 5 வோல்ற் இரண்டு ஊசிகளுக்கும் இடையே வராவிட்டால் ஏர்த் வயர் அறுந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே வந்தால், அவற்றைச் சிறு வயர்த்துண்டால் இணைத்துவிட்டு ஸ்கானரைப் பாருங்கள். சைபருக்குக் கீழே நின்ற எண் 130ஐத் தாண்டிப் பாய்ந்தால் வயரும் கணினியும் சுத்தம். மிச்சம் சென்சரும் அதன் ஊசிகளும்தான்.

சில கராஜ்களில் வயரின் மேலுறையை ஊசியால் குத்தி அளக்கும் பழக்கம் இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும். அந்தத் துளையால் உப்பு ஈரம் இறங்கி, வெளியே நல்லதாகத் தெரியும் வயர் உள்ளுக்குள் களிம்பேறிப் பொடியும். ஊசிகளை அரத்தாளால் தேய்ப்பதும் கெடுதல். மேலே உள்ள மெல்லிய தங்கப் பூச்சோ வெள்ளீயப் பூச்சோ போய்விட்டால் களிம்பு முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். மின் இணைப்புகளுக்கென்றே விற்கும் ஸ்பிறேயால் கழுவி உலரவிடுவதே சரி.

விளக்கு எரியாத பிழைக்கு இன்னொரு சோதனை. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் எஞ்சினை இயக்கும் முன் ஸ்கானரில் தண்ணீரின் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் சில பாகைக்குள் ஒத்திருக்க வேண்டும். முன்சொன்ன 900 ஓம் களிம்பு இருந்தால், 27 பாகைக் காலையில் தண்ணீர் 17 பாகை என்று காட்டும். பத்துப் பாகைதானே என்று விட்டுவிடக் கூடாது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு திரும்பவும் பாருங்கள்: அதே களிம்பால், எஞ்சினின் உண்மையான சூட்டுக்கும் ஸ்கானர் காட்டும் எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் 40 பாகையாகியிருக்கும்.