கால்நடைகளுக்கு உப்பும் நஞ்சாகும்

கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில், ஒரு கோடைக்காலக் காலையில் வெண்பன்றிப் பண்ணை ஒன்றுக்கு அழைக்கப்பட்டேன். முந்தைய நாள் மாலை வரை நடமாடிய பன்றிகளில் சில சுவரில் தலையை முட்டியபடி நின்றன. சில நாயைப்போல உட்கார்ந்து, பின்புறமாகச் சரிந்து வலிப்பில் துடித்தன. நான்கு இறந்துவிட்டன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் விஷம் வைத்துவிட்டதாகக் கூறிய பண்ணையாளர், காவல் நிலையத்துக்குச் செல்லவும் ஆயத்தமாக இருந்தார்.

தண்ணீர் பற்றிக் கேட்டேன். மோட்டார் பழுதானதால் இரண்டு நாள்களாகத் தொட்டி காய்ந்து கிடந்ததாம். தீவனமோ, உணவு விடுதிகளில் எஞ்சிய சாம்பாரும் ஊறுகாயும் கலந்த கழிவு. மோட்டார் சரியானதும் தொட்டியை நிரப்பியிருக்கிறார்கள். பன்றிகள் வயிறு முட்டக் குடித்திருக்கின்றன.

உப்பு நச்சு இப்படித்தான் நேர்கிறது. உடலில் நீர் குறையும்போது ரத்தத்தில் சோடியத்தின் செறிவு கூடுகிறது. அது மெல்ல மூளைக்குள்ளும் சேர்கிறது. அந்நிலையில் திடீரென ஏராளமான தண்ணீர் கிடைத்தால் ரத்தம் நீர்த்துவிடும். மூளையில் சேர்ந்த சோடியம் அவ்வளவு விரைவாக வெளியேறாது. செறிவு மிகுந்த இடத்தை நோக்கி நீர் பாய்வதால் மூளை வீங்குகிறது. பார்வை போவதும், வட்டமிட்டுச் சுற்றுவதும், வலிப்பும் இதனால்தான்.

மாட்டுக்கும் பன்றிக்கும் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2.2 கிராம் உப்பு உயிரைப் பறிக்கக்கூடும். செம்மறியாடு ஏறத்தாழ 6 கிராம் வரை தாங்கும். தண்ணீர் தடையின்றிக் கிடைத்தால் சிறுநீரகங்கள் மிகையான உப்பை வெளியேற்றிவிடும். தண்ணீர் இல்லையெனில், அன்றாடத் தீவனத்திலுள்ள உப்பே ஆபத்தாகலாம்.

இதற்கு முறிமருந்து கிடையாது. தாகத்தில் தவித்த விலங்குக்கு நல்ல தண்ணீரைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். வாயில்லா ஜீவனின் தவிப்பைக் கண்டு இரக்கத்தோடு நிரப்பும் தொட்டியே அதற்கு எமனாகிவிடக் கூடும் என்பதை நம்பப் பலருக்கும் கடினமாக இருக்கிறது. அன்று அவ்வாறு அளந்து கொடுத்துச் சில பன்றிகளைக் காப்பாற்றினோம். வலிப்பு கண்டவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை.

கோடையில் மின்தடையும் மோட்டார் பழுதும் புதியவையல்ல. ஒரு நாளைக்கேனும் போதுமான மாற்றுத் தொட்டி, விடுதிக் கழிவில் எச்சரிக்கை, தினமும் தண்ணீர்க் குழாயைச் சோதிக்கும் பழக்கம் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. கால்நடைகள் கூட்டமாக இறந்தால், அண்டை வீட்டாரைச் சந்தேகிக்கும் முன் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். உடற்கூறாய்வுக்கு உடனே மருத்துவரை அழையுங்கள்.