சித்திரை வெயிலும் 33 பாயிண்ட் காற்றும்

"வெயில் கொளுத்துதுண்ணே, ரெண்டு பாயிண்ட் கொறச்சே வைங்க." பங்குனி பிறந்துவிட்டால் மதுரை வட்டாரத்துப் பஞ்சர் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சொல்பவர் அலட்சியக்காரர் அல்ல. பிள்ளைகுட்டிகளோடு நெடுந்தூரம் போகிறவர். சூட்டில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடுமோ என்ற பயத்தில் சொல்கிறார். அப்படிக் குறைத்து வைப்பதுதான் டயரை வெடிப்புக்கு அருகில் கொண்டுபோகிறது. இதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். பாயிண்ட் என்று நாம் சொல்வது ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம். விடிகாலை 27 டிகிரியில் 33 பாயிண்ட் வைத்த டயர், நாலுவழிச் சாலையில் ஓடி உள்காற்று 60 டிகிரிக்குச் சூடானால் 38 பாயிண்ட் காட்டும். ஆறு டிகிரிக்கு ஒரு பாயிண்ட் வீதம் ஏற்றம். பக்கச்சுவரில் உச்ச அளவாக அச்சடித்திருப்பது பெரும்பாலும் 44 அல்லது 51; நல்ல டயர் வெறும் காற்றழுத்தத்தால் வெடிக்க அதற்கும் வெகு மேலே போகவேண்டும். ஓட்டத்தில் ஏறும் இந்த ஐந்து பாயிண்டையும் கணக்கில் வைத்துத்தான் கார் கம்பெனிகள் அளவு சொல்கின்றன.

அப்படியானால் வெடிக்கும் டயர்கள் ஏன் வெடிக்கின்றன? வண்டியின் எடையைத் தாங்குவதில் பெரும்பங்கு உள்ளே அடைத்த காற்றுடையது. ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 325 கிலோ. 33 பாயிண்ட் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. ஆக, ஒவ்வொரு டயரும் தரையில் பதிகிற இடம் ஏறக்குறைய 140 சதுர சென்டிமீட்டர், விரல்களோடு சேர்ந்த ஒரு கையளவு. நான்கு கையளவு ரப்பரை நம்பித்தான் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். காற்று 25 பாயிண்டுக்கு இறங்கினால் பதிகிற இடம் 185 சதுர சென்டிமீட்டராகிறது. டயர் சப்பையாகிறது, ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் கூடுதலாக மடிந்து நிமிர்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் சின்னக் கார் டயர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 சுற்று சுற்றும். அத்தனை முறையும் ஒரே இடம் மடிகிறது. மடித்த சக்தியை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. மிச்சம் சூடாகத் தங்குகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கை சுடுகிறதே, அதே கதைதான். டயருக்குள் இரும்புக் கம்பி வலைகள் அடுக்கடுக்காக ரப்பரில் ஒட்டியிருக்கின்றன. சூடு ஏற ஏற அந்த ஒட்டு இளகும். ஒரு கட்டத்தில் தரையில் பதிகிற பட்டன் பகுதி மொத்தமாகப் பிய்ந்து வரும், இல்லையேல் பக்கச்சுவர் கிழியும். வெயிலும் தார்ச்சாலைச் சூடும் இதில் துணைக்காரணம். மூலகாரணம் காற்றுக் குறைவு.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அலங்காநல்லூரிலிருந்து வாடிப்பட்டி போகும் சாலையில் ஒரு பஞ்சர் கடையில் அரை மணி நேரம் நின்றால் போதும். நான் நின்றபோது ஒரு காரின் பின் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார்கள். பக்கச்சுவரை ஒட்டிய ஓரத்தில், குண்டூசித் தலை அளவில் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குறடு போட்டு இழுத்ததும் வந்தது ஒரு கருவேல முள்ளின் நுனி. பெரியாறு கால்வாய்க் கரைகளிலும் கண்மாய் ஓரங்களிலும் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலம்தான். டியூப் இருந்த காலத்தில் முள் குத்தினால் காற்று மளமளவென்று இறங்கும். வண்டியை நிறுத்தியாக வேண்டும். டியூப்லெஸ் டயரில் முள்ளே அடைப்பானாக உட்கார்ந்துகொள்கிறது. நாளுக்கு ஒரு பாயிண்ட், அரைப் பாயிண்ட் என்று கசியும். கண்ணுக்குத் தெரியாது. ஊருக்குள் நாற்பதில் ஓட்டும்வரை ஒன்றும் ஆகாது. அதே வண்டி வாடிப்பட்டியில் நாலுவழிச் சாலையில் ஏறி திண்டுக்கல் பக்கம் நூறைத் தொடும்போதுதான் விவகாரம்.

கடைக்காரர் டயரை ரிம்மிலிருந்து பிரித்து உட்புறத்தைக் காட்டினார். பக்கச்சுவரின் உள்ளே வட்டமாக ஒரு கோடு, வழவழப்பு போய்ச் சொரசொரத்திருந்தது. கையை விட்டு அள்ளினால் கறுப்புத் தூள். "காத்து கம்மியாவே ஓட்டிட்டு வந்திருக்கீங்க சார். உள்ளாற பூரா மாவாக் கெடக்கு பாருங்க. பஞ்சர் போடலாம், ஆனா இத நம்பி நாலுவழிச் சாலைக்குப் போகாதீங்க." வெளியே பட்டன் பாதிக்கு மேல் இருந்தது, உரிமையாளருக்கு மனசே இல்லை. கடைக்காரர் சொன்னதுதான் அறிவியல். உள்ளே மாவு உதிர்ந்த டயரைக் காற்றடித்து மீட்க முடியாது.

இதை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்ற இடம் அமெரிக்கா. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. பட்டன் பிய்ந்து வண்டி கவிழ்ந்த விபத்துகள் டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெப்ப மாநிலங்களில் குவிந்தன. 271 மரணங்கள் இதோடு சேர்த்துப் பேசப்பட்டன. டயர் கம்பெனி, ஃபோர்டு பரிந்துரைத்த 26 பாயிண்ட் குறைவு என்றது. ஃபோர்டு, டயரின் வடிவமைப்பே கோளாறு என்றது. அரசின் ஆய்வு கம்பி வலை ஓரங்களின் பலவீனத்தைச் சுட்டியது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் நமக்கான பாடம் தெளிவு: சூடான ஊரில் காற்றுக் குறைந்தால், டயரில் இருக்கும் சின்னக் குறையும் உயிரெடுக்கும். அந்த ஆண்டே சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் அங்கே விற்கும் கார்களில் காற்றழுத்தத்தைக் காட்டும் உணரி கட்டாயமானது. இங்கே அது இன்னும் பல கார்களில் இல்லை. தனியாக வாங்கி வால்வு மூடிக்குப் பதில் திருகிக்கொள்ளும் உணரிகள் கிடைக்கின்றன. அலங்காரச் சாமான்களுக்கு முன்னால் வாங்கவேண்டியது அது.

காற்று பார்க்கும் நேரம்தான் பலர் சறுக்கும் இடம். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும். நெடுந்தூரம் ஓடிவந்து 38 காட்டுகிறதென்று பிடுங்கி 33 ஆக்கினால், மறுநாள் காலையில் டயருக்குள் இருப்பது 28தான். சூட்டில் ஏறியதைப் பிடுங்கவே கூடாது. வைக்க வேண்டிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். பக்கச்சுவரில் உள்ள உச்ச அளவை வைக்கக் கூடாது. அந்த ஸ்டிக்கரில் பல கார்களுக்கு இரண்டு அளவுகள் உண்டு, ஆட்கள் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. ஐந்து பேர், டிக்கியில் அரிசி மூட்டை, மேலே கரும்புக் கட்டு என்று பொங்கலுக்குப் புறப்படும் குடும்பம் இரண்டாவது அளவைத்தான் வைக்க வேண்டும்.

நைட்ரஜன் பற்றிக் கேட்பார்கள். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் விரிவதிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஈரம் இருக்காது, கசிவு சற்றுக் குறையும். விமானச் சக்கரங்களில் அதை அடைப்பது தீப்பிடிக்காமல் இருக்க. நைட்ரஜன் அடைத்தோம் என்று மூன்று மாதம் அளக்காமல் விடுவதுதான் கேடு.

எனக்கு அதிகம் கவலை தருவது ஓடாத கார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, ஊர் வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டு நிற்கும் வண்டிகள். பட்டன் புத்தம்புதிதாக இருக்கும். ஓசோனிலிருந்து காக்க ரப்பரில் மெழுகும் வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள்; டயர் ஓடி மடியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு நன்றாக வந்து படரும். நின்ற டயருக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழும். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் பிறந்த டயர். ஐந்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும் காட்டிப் பார்ப்பது நல்லது. பத்து வயதானால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும்.

ஐப்பசி மழையில் கதை வேறு. சட்டப்படி காரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடுகளோடு பட்டன் சமமானால் அந்த எல்லை வந்துவிட்டதென்று பொருள். தேங்கிய நீரில் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்று 1960களில் நாசா ஆய்ந்து ஒரு சூத்திரம் தந்தது. அதன்படி 33 பாயிண்டில் மணிக்குச் சுமார் 96 கிலோமீட்டர். 25 பாயிண்டில் 83. மழையிலும் காற்றுக் குறைவுதான் முதலில் கைவிடுகிறது. இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் புதியதைப் பின்னால் போடட்டும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

டயர் மதுரைக்கு அந்நியமான தொழில் அல்ல. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912 வாக்கில் பேருந்து விட்ட ஊர் இது. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா முக்கியமாக இருசக்கர, மூன்று சக்கர வாகன டயர்களைச் செய்கிறது. வாங்குவோருக்குச் சாதகமான மாற்றங்களும் வந்துள்ளன. ஈரச்சாலைப் பிடிப்பு, உருளும் தடை, ஓசை ஆகியவற்றுக்கு 2022 ஜூனில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகவும், டிராக்டர் டயருக்கு 18லிருந்து 5 ஆகவும் குறைந்தது. கரும்பு டிரெய்லர் இழுக்கும் டிராக்டர்களில் கம்பி தெரியும் டயரை இன்னும் ஓட்டுவதற்கு இனி காரணம் சொல்வது கடினம்.

இன்னொன்று. தை மாதம் ஜல்லிக்கட்டுக்கு அலங்காநல்லூருக்கு வரும் கார்கள் வயல்வெளிகளிலும் திடல்களிலும் பல மணி நேரம் வரிசையாக நிற்கின்றன. அத்தனை டயரும் ஆறியிருக்கும். காற்று பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. நிறுத்துமிடத்தை ஒழுங்குபடுத்துகிற இளைஞர்களிடம் நம்பகமான அளவி ஒன்றும், பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றும் கொடுத்தால் போதும். உரிமையாளர் வந்து கதவைத் திறந்ததும் ஸ்டிக்கரைப் படித்து, நான்கு சக்கரத்தோடு ஸ்டெப்னியையும் பார்த்து அனுப்ப வண்டிக்குப் பத்து நிமிடம் ஆகும்.