உலையில் போட்டாயிற்று, உட்காருங்கள்!

இத்தாலியக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடுகிறவர்கள் வீடு வந்து சேரும் நேரம் தெரிந்த பிறகுதான் பாஸ்தாவை உலையில் போடுவார்கள். வெந்த பாஸ்தாவை உடனே சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ருசி போய்விடும். ஆகவே அதற்காக மனிதர்கள் காத்திருக்கலாம். மனிதர்களுக்காக அது காத்திராது. அதைச் சமைத்தவளும் எல்லோருடனும் கூடவே உட்கார்ந்தாக வேண்டும்!

ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு, ஆறிப் போனதைக் கடைசியில் தனியாகச் சாப்பிடுகிற சகோதரிகளே, இந்த ஒரு காரணத்துக்காகவே இதை ஒரு நாள் செய்து பார்க்கலாம் அல்லவா? ஆபீஸிலிருந்து திரும்பிய பிறகு செய்தாலும் அரை மணி, முக்கால் மணிக்குள் முடிந்துவிடும்.

ஸிஸிலித் தீவில், எட்னா எரிமலையின் அடிவாரத்தில் கதானியா என்று ஒரு நகரம். அங்கே பிரசித்தமான பண்டம் 'பாஸ்தா அல்லா நோர்மா'. 1801-ல் அவ்வூரில் பிறந்த இசை மேதை பெல்லினியின் 'நோர்மா' என்ற இசை நாடகம் 1831-ல் மிலான் நகரில் அரங்கேறியது. அந்தப் பெயரையே ஊரார் இதற்கும் சூட்டியிருக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு இதில் எத்தனை பெருமை பாருங்கள்! இதில் சேரும் காய் வேறொன்றுமில்லை, நம் கத்தரிக்காய்தான். ஆசியாவில் பிறந்த அந்தக் காயை ஸிஸிலிக்குக் கொண்டு சேர்த்தவர்கள் அரபியர்கள்.

நான்கு பேருக்குத் தேவையானவை: குழல் வடிவப் பாஸ்தா 320 கிராம், பெரிய கத்தரிக்காய் அரை கிலோ, நன்றாகப் பழுத்த தக்காளி 600 கிராம், பூண்டு 3 பல், ஆலிவ் எண்ணெய் அல்லது கடலை எண்ணெய், ஒரு பிடி திருநீற்றுப் பச்சிலை. இத்தாலியர் சேர்க்கும் வாசனை இலையும் இந்த இனம்தான். துளசியைப் போட்டால் அந்த மணம் வராது.

முதலில் 4 லிட்டர் ஜலத்தை அடுப்பில் ஏற்றுங்கள். அது காய்வதற்குள் கத்தரிக்காயை விரற்கடை அகலத் துண்டுகளாக நறுக்கி, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து எடுத்து, உப்புத் தூவி வையுங்கள். வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டு, பூண்டை நசுக்கிப் போட்டு, மணம் வந்ததும் தக்காளியை நறுக்கிச் சேர்த்து, கொஞ்சம் உப்பிட்டு, பத்து நிமிஷம் சுண்ட விடுங்கள்.

உலை தளதளவென்று கொதித்ததும் 30 கிராம் கல்லுப்பைப் போட்டு, பிறகு பாஸ்தாவைப் போடுங்கள். ஜலத்தில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். பொட்டலத்தில் குறித்திருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னதாகவே வடித்துவிடுங்கள். கடித்தால் நடுவில் சற்றே உறுதி தெரிய வேண்டும்.

வடிக்கும் முன்பு ஒரு கிண்ணம் கஞ்சியை எடுத்து வைக்க மறக்காதீர்கள். நம் பாட்டிமார் சோற்றை வடித்த கஞ்சியை வீணாக்கியதுண்டா? இங்கேயும் அதே சூட்சுமம்தான். பாஸ்தாவிலிருந்து கரைந்த மாவுச்சத்து அதில் இருக்கிறது. எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியாமல் சேர்த்துப் பிடித்து, பாஸ்தாவின் மேல் ஒட்ட வைப்பது அதுதான். இதனால்தான் வடித்த பாஸ்தாவைப் பச்சை ஜலத்தில் அலசக் கூடாது என்பது.

வடித்ததை அப்படியே தக்காளி வாணலியில் கொட்டி, அரைக் கரண்டி கஞ்சி விட்டு, அடுப்பு எரியும்போதே ஒரு நிமிஷம் புரட்டுங்கள். வறண்டு தோன்றினால் இன்னும் கொஞ்சம் கஞ்சி. பாதிக் கத்தரிக்காயைக் கலந்து, மீதியை மேலே பரப்பி, பச்சிலையைக் கையால் கிள்ளிப் போடுங்கள். கதானியாவில் உப்பிட்டு உலர்த்திய ரிக்கோட்டா பாலாடைக் கட்டியைத் துருவித் தூவுவார்கள். அது கிடைக்காவிட்டால், பனீரை உதிர்த்து உப்புப் பிசிறித் தூவலாம். ருசி சற்று மாறினாலும் பொருத்தமாகவே இருக்கும்.

ஒன்று மட்டும் முக்கியம். பாஸ்தாவை உலையில் போட்ட உடனேயே குரல் கொடுத்துவிடுங்கள். தட்டு வைப்பது குழந்தைகள் பாடு; தண்ணீர் எடுத்து வைப்பது வீட்டுக்காரர் பாடு. வாணலி மேஜைக்கு வரும்போது உங்கள் தட்டும் அங்கே இருக்கட்டும்!