மலைநாட்டு வழிகள் (9): ஹந்தானைக்கு ஏறும் மூன்று பாதைகள்

சென்ற வாரம் கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில், கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனின் ஞாபகார்த்தமாக 1832-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கோபுரத்தடியில் நமது பிரயாணத்தை நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து கிழக்கே வந்து, பேராதனையில் மகாவலி கங்கையின் பாலத்தைக் கடக்கும்போது வலக்கைப் பக்கத்தில் நீண்டு கிடக்கும் மலைத்தொடரே ஹந்தானை. ஏழு சிகரங்களை உடைய இத்தொடரின் உயர்ந்த முடியாகிய ஊராகந்தை, சமுத்திர மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 3,800 அடி உயரமுள்ளது. கண்டி நகரமே 1,600 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்திருப்பதால், நகரத்திலிருந்து புறப்படுகிறவன் ஏறவேண்டியது இரண்டாயிரம் அடியளவேயாகும். தேகசிரமத்தைப் பெரிதாகக் கோராத இம்மலை, ஏறுகிறவனிடத்தில் வேறொன்றைக் கோருகிறது: எவர் வெட்டிய வழியால் ஏறுகிறோம் என்ற பிரக்ஞையை.

தெற்கே கம்பளையிலிருந்து வடக்கு நோக்கி வரும் மகாவலி, பேராதனையையும் கன்னொருவையையும் தழுவி, கட்டுகஸ்தோட்டையில் கிழக்கே திரும்பி, தென்னகும்புரப் பக்கமாக இறங்கிச் செல்கின்றது. இவ்வளைவுக்குள்ளே கண்டி நகரமும் ஹந்தானையும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன. மேற்கே கலஹா வீதியை ஒட்டிய கிராமங்களும், வடக்கே நகரத்தின் புறச்சேரிகளும், கிழக்கே உடுவெலப் பள்ளத்தாக்கும் மலையைச் சூழ்ந்திருக்க, அம்மூன்று பக்கங்களிலிருந்தும் வழிகள் மேலே செல்கின்றன.

முதலாவது வழி கிராமத்தாருடையது. கண்டி அரசர்கள் தம் இராச்சியத்தின் பாதைகளை அகலப்படுத்த இடங்கொடுத்தவர்களல்லர். மலையும் காடும் ஒடுங்கிய வழியுமே அவர்களுக்குக் கோட்டை மதில்களாயிருந்தன. 1660-இல் சிறைப்பட்டு 1679-இல் தப்பிச்சென்ற ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், ஹந்தானைக்கு எதிர்ப்புறத்தில், மகாவலிக்கு அப்பால் உள்ள உடுநுவரையில் சில காலம் குடியிருந்தவர். ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க அக்காலத்துப் பாதைகளையும், அவற்றை அடைத்து நின்ற முள் வாயில்களையும் பற்றி 1681-இல் வெளிவந்த தம் நூலில் அவர் விவரித்திருக்கிறார். அத்தகைய ஒற்றையடிப் பாதைகளின் சாயலை ஹிந்தகல விகாரையைச் சூழ்ந்த சரிவுகளில் இன்றும் காணலாம். பலாவும் கமுகும் கித்துளும் கராம்பும் மிளகுக்கொடியும் நெருங்கிய வீட்டுத்தோட்டங்களின் ஊடாக வேலியோரமாய் நெளிந்து செல்லும் அவ்வழி, விறகுக்கும் தண்ணீருக்கும் மாட்டுக்குப் புல்லுக்குமாக ஏறியவர்களின் வழியாதலால், வேலை முடிந்த இடத்திலே தானும் முடிந்துவிடுகிறது. சிகரத்தைத் தேடி வருகிறவன் அதற்குப் புதியவனே.

இரண்டாவது வழி மாணவருடையது. 1942-இல் கொழும்பில் தாபிக்கப்பட்ட இலங்கைச் சர்வகலாசாலை, பற்றிக் அபர்குரொம்பியின் திட்டத்தைத் தழுவியும் ஐவர் ஜெனிங்ஸின் விடாமுயற்சியாலும் 1952-இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது முதல், ஹந்தானையின் மேற்குச் சரிவு இளைஞரின் இராச்சியமாயிற்று. பேராசிரியர் வித்தியானந்தன் 1960-களில் மாணவரைக் கொண்டு நாட்டுக்கூத்துக்குப் புத்துயிரளித்ததும், இந்து மாணவரின் முயற்சியால் குறிஞ்சிக் குமரன் ஆலயம் எழுந்ததும் இம்மலையின் அடிவாரத்திலேயேயாகும். மாணவர் விடுதிகளுக்குப் பின்னால் தொடங்கும் வழி பைனஸ் தோப்புக்குள் நுழைந்து, மானாப்புல் வெளிகளைக் கடந்து முகட்டை அடைகிறது. உல்லாசமான வழிதான், ஆயினும் உதிர்ந்த பைனஸ் ஊசிகளின் மேல் பாதம் வழுக்கும். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் திசை தெரியாது. வழிதவறிய மாணவரை இரவில் தேடி மீட்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்ததுண்டு.

மூன்றாவது வழி தோட்டத்து வழி. கண்டி வைத்தியசாலையின் பக்கமாகப் புறப்பட்டு மேலேறும் ஹந்தானை வீதி மூன்று மைலளவில் தேயிலை நூதனசாலையைச் சேர்கிறது. 1925-இல் கட்டப்பட்டு, பிற்காலத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த நான்கு மாடித் தொழிற்சாலையே 2001-இல் நூதனசாலையாயிற்று. 1867-இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டு இத்தீவின் தலைவிதியை மாற்றிய ஜேம்ஸ் டெயிலரின் ஞாபகப் பொருள்களையும், பழைய உருளைகளையும் இயந்திரங்களையும் அங்கே காணலாம். ஆனால் நூதனசாலைக்கு வெளியே, தேயிலைச் சரிவில், அதனினும் பெரிய காட்சிப்பொருள் ஒன்று எவரும் சீட்டு வாங்காமலே பார்க்கும்படி விரிந்து கிடக்கிறது. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும், மடுவத்திலிருந்து ஸ்டோருக்குமாக வெட்டப்பட்ட குறுக்குப் பாதைகளின் வலையே அது.

இப்பாதைகளின் சாமர்த்தியம் நடந்து பார்த்தவனுக்கே புலப்படும். நிறைந்த கூடையைத் தலையிலே மாட்டிய ஒரு பெண் மூச்சு வாங்காமல் ஏறத்தக்க சரிவு எவ்வளவு, மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி கானை எங்கே திருப்பவேண்டும், வழுக்கும் இடத்தில் எந்தக் கல்லைப் பதிக்கவேண்டும் என்பனவெல்லாம் அங்கே தீர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு பிற்பகலில் அவ்வழியால் நான் இறங்கி வருகையில், கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய முதிய பெண்மணி ஒருத்தி மேலே நோக்கி, “மழ இருட்டிக்கிட்டு வருது ஐயா, கார் ரோட்டுல சுத்தாதீங்க, இந்தக் குறுக்கால எறங்குங்க” என்றாள். கார் ரோட்டால் அரைமணி நேரம் பிடிக்கும் தூரத்தைக் குறுக்கு வழி சில நிமிஷங்களில் முடித்துவிட்டது.

இவ்வழிகளை வெட்டியவர்கள் யார்? காப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் வழிநெடுகப் பலரைப் பலிகொடுத்து மலைநாட்டை அடைந்தவர்களும் அவர்தம் சந்ததியாருமே. 1869-இல் இலைநோய் தோன்றிக் காப்பியை அழித்தபின், அதே சரிவுகளில் தேயிலையை நாட்டியதும் அவர்கள் கைகளே. அக்கைகளுக்கு உரியவர்களில் மிகப் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964-இல் கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல இலட்சம் பேர் கடல் கடந்து திரும்பவேண்டியதாயிற்று. மலையை நடக்கத்தக்கதாக்கியவர்களுக்கு அம்மலையிலே நிற்க உரிமை மறுக்கப்பட்ட விருத்தாந்தத்தை, அவர்கள் பதித்த கல்லின்மேல் கால்வைத்து ஏறுகிற ஒவ்வொருவனும் அறிந்திருத்தல் தகும்.

மாணவர் வழியும் தோட்டத்து வழியும் முகட்டிலே சந்திக்கின்றன. வானம் தெளிந்த காலையில் வடகிழக்கே நக்கிள்ஸ் தொடரும், மேற்கே அலகல்லையும் அதன் பின்னால் தட்டையான முடியுடைய பதலேகலவும் தோன்றும். காலடியில் ஒருபுறம் சர்வகலாசாலையின் ஓட்டுக்கூரைகளும் மறுபுறம் நகரத்து வாவியும் கிடக்கும். ஒலிபரப்புக் கோபுரங்கள் அக்காட்சிக்கு அழகு செய்வனவல்லவெனினும், மூடுபனியில் திசையறிய உதவுவன.

2010-ஆம் ஆண்டில் ஹந்தானை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பிரகடனம் நெருப்பைத் தடுக்காது. மாசி பங்குனியில் காய்ந்த மானாப்புல்லில் அலட்சியமாக எறியப்படும் ஒரு தீக்குச்சி சரிவு முழுவதையும் கருக்கிவிடும். அதன்பின் வரும் மழை மண்ணைக் கரைத்துக் கீழேயுள்ள ஊர்களின்மேல் இறக்கும். ஆகவே ஹந்தானைக்குச் செல்ல எண்ணும் வாசகர்கள் காலையிலே புறப்படுக, அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ கைவசம் வைத்திருக்க, தீ மூட்டாதொழிக, பிற்பகல் இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்குக. மாணவர் வழியால் ஏறினாலும், திரும்பும்போது லயத்தாரிடம் கேட்டு, அவர்கள் காட்டும் குறுக்கு வழியாலேயே இறங்குக. இம்மலையை அவர்களைப்போல் அறிந்தவர் பிறரில்லை.

அடுத்த வாரம் கலஹா வீதியால் தெல்தோட்டையைக் கடந்து, டெயிலரின் லூல்கந்துரைத் தோட்டத்துக்குச் செல்வோம்.